நெடுந்தீவு மீன்பிடி விடுதி: அறைக்குப் போகாதீர்கள், வள்ளத்துக்குப் போங்கள்

விளம்பரப் படத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் நெஞ்சளவு பாரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அவருக்குப் பின்னால் பச்சையாய் ஒரு மலை. நெடுந்தீவில் ஏது மலை? பனைமரத்தில் ஏறினால்தான் உயரம். அதைப் பார்த்தும் முற்பணம் கட்டினோம், ஏனென்றால் தூண்டில் போடுகிறவர்கள் கடலோரமாய்த் தங்கி, விடிய முதல் வள்ளம் ஏறுகிற மாதிரி ஒரு இடம் யாழ்ப்பாணப் பக்கம் தேடினால் லேசில் கிடைக்காது. விடுதியின் பெயரை நான் இங்கே போடவில்லை. தீவில் இறங்கி மீன்பிடிக்கத் தங்குகிற இடம் எது என்று கேட்டால் ஓட்டோக்காரரே கொண்டுபோய் விடுவார்.

போகிற வழி தெரிந்ததுதான். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் வரை பஸ், அங்கிருந்து கப்பலில் ஒரு மணித்தியாலம் அளவில் தீவின் இறங்குதுறையான மாவிலித்துறை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும், காற்று கூடினால் கப்பல் ஓடாது. அப்படி நின்றுவிட்டால் கட்டின காசு என்ன ஆகும் என்று முதலாளியிடம் முதலே கேட்டேன். "அடுத்தமுறை வந்து நில்லுங்கோவன்" என்றார். திருப்பித் தரமாட்டார் என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பங்குனி, சித்திரையில் கடல் படுத்துக் கிடக்கும், வெயிலைத் தாங்கலாம் என்றால் அப்போது போங்கள்.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு கட்டில், ஓட்டை விழுந்த நுளம்பு வலை, நினைத்தால் சுற்றும் ஃபேன். குளிக்கிற தண்ணீர் உவர், சவர்க்காரம் நுரைக்காது, அது தீவின் குறை, விடுதியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மீன்பிடி விடுதி என்று பலகை போட்டுவிட்டு மீன் வெட்டிக் கழுவ ஒரு மேசை இல்லை, பிடித்ததை வைக்க ஐஸ் இல்லை, தூண்டில் தடிகளைச் சாத்தி வைக்கக் கதவுமூலைதான் என்றால் அது விடுதிக்காரர் யோசிக்காமல் விட்ட குறை. ஐஸ் கேட்டதற்குச் சோடா வைக்கிற ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார்கள்.

இப்போது வள்ளத்துக்கு வருகிறேன். வள்ளக்காரர் விடுதியின் ஆள் இல்லை, பக்கத்தில் இருக்கிற தொழிலாளி. முதலில் தன் வலையைப் பார்த்துவிட்டுத்தான் நம்மை ஏற்றுவார், அது நியாயமும்கூட. கூலி கூடத்தான், விடுதி தன் பங்கையும் அதில் வைத்துத்தான் சொல்கிறது, ஆனால் வள்ளத்தின் பின்னால் பூட்டியிருக்கிற வெளியிணைப்பு இயந்திரம் குடிக்கிற மண்ணெண்ணெயை மறந்துவிட்டுப் பேரம் பேச வேண்டாம். 2022 ஆவணியில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறின சாமான் அது.

படத்தில் இருக்கிற மாதிரிப் பாரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தீவைச் சுற்றியிருக்கிற பாக்கு விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழத்தைத் தாண்டாது, ராட்சத மீனுக்குச் சனம் மாலைதீவுக்குப் போவது சும்மா இல்லை. இங்கே இருக்கிறது வேறு சந்தோஷம். வள்ளக்கார அண்ணை தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே வள்ளத்தை நிறுத்துவார், இது புல்லுத்தரை, அது கல்லு, அந்தக் கல்லின் ஓரத்தில் போடு தம்பி என்பார், போட்டால் விளமீன் இழுக்கும். கணவாய்த் துண்டுக்குச் சின்னக் கலவாயும் வந்தது. சீலா இரண்டு தரம் தங்கூசியை, அதாவது தூண்டில் நைலோன் நூலை, கடித்து அறுத்துக்கொண்டு போனது, முனையில் கம்பி கட்டாமல் சீலாவுக்குப் போடாதீர்கள். ஓரா தூண்டிலுக்கு லேசில் வராது, அது புல் மேய்கிற மீன், அண்ணை கடலில் வைத்திருக்கிற மீன்கூட்டில் இருந்துதான் கிடைத்தது. அதைக் கையால் கழற்றப் போன என் மச்சானுக்கு முள் ஏறிவிட்டது. ஓரா முள் விஷம், கடுப்பு உயிர் போகும். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் விரலை வைத்திருக்கச் சொன்னார்கள், மெல்லமெல்ல அடங்கியது. இதை ஏறும்போதே விருந்தாளிக்குச் சொல்ல வேண்டியது விடுதியின் வேலை இல்லையா?

விளம்பரத்தில் "இரவு மீன்பிடி" என்றும் போட்டிருக்கிறார்கள். அண்ணை மாட்டேன் என்றார். இரவில் இந்திய றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், வருகிற பக்கம் தன் வள்ளத்தோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகத் தனக்கு விசரா என்று கேட்டார். கடலடியை வாரி இழுக்கிற அடிமடி இழுவையை 2017இல் இலங்கைச் சட்டம் தடைசெய்தது, ஆனால் எல்லை தாண்டி வருகிறவை நிற்கவில்லை, வலை அறுந்து நட்டப்பட்டவர்களின் கதை தீவு முழுக்க இருக்கிறது. அவர் மறுத்தது சரி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சடித்துக் காசு வாங்கினதுதான் பிழை. அந்தக் காசைக் கழிக்கச் சொல்லி நின்றதில் பாதியாவது குறைந்தது, நீங்களும் நில்லுங்கள்.

சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குசினியில் நிற்கிற அக்கா நாம் பிடித்த விளமீனின் தலையைச் சொதியாக்கி, நடுத்துண்டைப் பொரித்து, நண்டுக் கறியில் கடைசியாய் முருங்கையிலை கிள்ளிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். காலையில் புட்டுக்கு முதல்நாள் மீன்குழம்பு. சைவச் சாப்பாடு வேண்டும் என்றால் முதல்நாளே சொல்லிவிடுங்கள், கறிக்கு மரக்கறி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில்தான் வர வேண்டும்.

தீவில் சனம் பார்க்கப் போகிற பெருக்கமரம், காட்டுக்குதிரை, பழைய கோட்டை எல்லாம் பார்க்க ஒரு பின்னேரம் போதும், ஓட்டோவுக்கு ஏறமுதல் விலை பேசுங்கள். அறை எடுக்காமல் வள்ளத்துக்கு மட்டும் வரலாமா என்று போகிறபோது அண்ணையிடம் கேட்டேன், தாராளமாய் வாருங்கோ, வரமுதல் நாள் ஒரு கோல் எடுங்கோ என்றார். தூண்டில், ஈயம், கம்பி, ஐஸ்பெட்டி எல்லாம் யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.