ஆடும் கால்களோடு ஏழு வருடம்

கும்பகோணத்தில் நாங்கள் இருப்பது தாத்தா கட்டிய வீடு. முன்கூடத்தில் சிவப்பு சிமெண்ட் தரை, சமையலறையில் கடப்பாக் கல், பின்னால் பிற்பாடு சேர்த்த அறையில் விட்ரிஃபைட் டைல்ஸ். மூன்றும் மூன்று தினுசு. எங்கே ரசமட்டத்தை வைத்தாலும் குமிழி நடுவில் நிற்காது. 2018-இல் சென்னை ஜாகையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தபோது, அங்கே மூன்றாவது மாடியில் சாதுவாக நின்ற சாமான்கள் எல்லாம் இங்கே வந்து ஆட ஆரம்பித்தன. சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றினால் ‘டொக்’. எழுந்தால் மறுபடி ‘டொக்’. டபராவில் காபி தளும்பும். பீரோ பூட்டாது. அன்றிலிருந்து எந்தக் காலுக்கு எதை அண்டை கொடுத்தேன், எது எத்தனை நாள் நின்றது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் தரையைப் பற்றி. முன்கூடம் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பது கட்டியவர் தவறு இல்லை. தண்ணீர் விட்டுக் கழுவினால் தானாக ஓடிப் போகட்டும் என்று அந்தக் காலத்தில் வேண்டுமென்றே வாட்டம் வைத்துத்தான் தரை போடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் இன்னொரு கதை உண்டு. வடக்கு மூலையில் தரையைத் தட்டினால் பானையைத் தட்டிய மாதிரி சத்தம் வரும். கொத்தனார் ஒரு சதுரம் உடைத்துப் பார்த்தபோது உள்ளே கை நுழையும் அளவுக்குப் பெருச்சாளி வளை. அடித்தளத்தில் நிரப்பிய மணலைப் பறித்துப் பறித்துத் தோட்டத்துப் பக்கம் தள்ளியிருக்கிறது. செங்கல் ஜல்லி போட்டுக் கெட்டித்து மேலே பூசினார்கள். ஆனால் புது சிவப்பு பழைய சிவப்போடு சேரவில்லை. ஒட்டுப் போட்ட இடம் ஒரு நகக்கனம் மேடாகவும் நின்றுவிட்டது. மேசையின் ஒரு கால் சரியாக அதன் விளிம்பில்தான் விழுகிறது.

என் முதல் வருடம் முழுக்க வீணானதற்குக் காரணம், ஆடுவது தரையாலா காலாலா என்று பார்க்காமலே சக்கை வைத்ததுதான். பார்க்கும் முறை எளிது. சதுரமான சாமானை இருந்த இடத்திலேயே கால்வாசிச் சுற்று திருப்பி வையுங்கள். முன்பு தூக்கிய அதே கால்தான் இப்போதும் தூக்குகிறது என்றால் குறை காலில். இடம் அதேதான், தூக்குகிற கால் மட்டும் மாறிவிட்டது என்றால் குறை தரையில். நான்கு காலும் தரையில் படிந்திருக்கிறது, ஆனாலும் மேலே பிடித்துத் தள்ளினால் அசைகிறதா? அது மூட்டு. காலும் சட்டமும் சேரும் இடத்தில் திருகு தளர்ந்திருக்கும், இல்லை பசை விட்டிருக்கும். எங்கள் மேசையில் தரையும் மூட்டும் கூட்டு சேர்ந்து ஆட்டியிருக்கின்றன. நான் தரையை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். திருகை முறுக்கியதும் பாதி ஆட்டம் போய்விட்டது.

இன்னொன்றும் தாமதமாகத்தான் புரிந்தது. நான்கு கால் மேசை ஆடும்போது எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்கள் எப்போதும் தரையில் ஊன்றியிருக்கும்; மற்ற இரண்டும்தான் மாறி மாறித் தூக்கும். அந்த இரண்டில் ஒன்றுக்கு அண்டை கொடுத்தால் போதும். எந்தப் பக்கம் கொடுத்தால் மேல்பலகை மட்டமாகிறதோ அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். நான் இரண்டுக்கும் வைத்து, பிறகு மற்ற இரண்டுக்கும் வைத்து, கடைசியில் மேசையை ஒரு விரற்கடை உயர்த்தியதுதான் மிச்சம். முக்காலிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மூன்று காலும் எப்பேர்ப்பட்ட மேடு பள்ளத்திலும் படிந்துவிடும். சாய்வாக நிற்கலாம், ஆடாது.

இனி வைத்துப் பார்த்த பொருள்கள்.

எல்லோரையும் போல நானும் மடித்த காகிதத்தில்தான் ஆரம்பித்தேன். தினசரிக் காலண்டரின் பின்னட்டை. வைத்த அன்று கல் மாதிரி நின்றது. நாலு நாளில் அமுங்கிவிட்டது. இங்கே தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கிற வீடு. அட்டை தண்ணீரைக் குடித்துக் கூழாகி, காய்ந்து, மறுபடி ஊறியது. ஐப்பசி மழையில் புத்தக அலமாரியின் கீழே இருந்த அட்டையை எடுத்தால் அடியில் கரையான் மண். அலமாரிக்கு ஏறுவதற்குள் பார்த்தது அதிர்ஷ்டம். காகிதம் ஒரு நாள் விருந்துக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம் பழைய ஹவாய் செருப்பைச் சதுரமாக வெட்டி வைத்தேன். வழுக்காது, தண்ணீருக்கு அசையாது, காசும் கிடையாது. இரண்டு குறை. மேசைக்கு மெத்து மெத்தென்று இருக்கும்; ஆட்டம் நின்றாலும் ஒரு துள்ளல் தங்கிவிடும். பெரிய குறை, ஒரு வருடம் கழித்து எடுத்தபோது சிவப்புத் தரையில் செருப்பின் அளவுக்குக் கரிய சதுரம். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், சோப்பு எதற்கும் மசியவில்லை. இன்றும் இருக்கிறது. மேலே மிதியடி போட்டு மறைத்திருக்கிறோம். கறை தெரியாத கடப்பாக் கல்லில் மட்டும் இன்னும் செருப்புத் துண்டு வைத்திருக்கிறேன். கிரைண்டருக்கு அது நன்றாகவே இருக்கிறது.

கட்டில் கால்களுக்கு பிவிசி குழாய் மூடியை மாட்டலாம் என்று குழாய்க் கடையில் சொன்னார்கள். இரும்புக் கட்டிலுக்கு மாட்டினோம். பார்க்க அழகுதான். தரை துடைக்கும் தண்ணீர் மூடிக்குள் இறங்கி வெளியே வர வழியில்லாமல் நின்று, காலின் அடி துருப்பிடித்து உதிர்ந்தது வெளியே தெரியவே இல்லை. இப்போது மூடிகளின் அடியில் ஆணியைச் சுட்டு இரண்டு துளை போட்டிருக்கிறேன்.

இதுவரை நான் செலவில்லாமல் கண்டுபிடித்ததில் சிறந்தது காலாவதியான ஏடிஎம் அட்டை. உலகம் முழுக்க அந்த அட்டையின் கனம் ஒன்றுதான், 0.76 மில்லிமீட்டர். அமுங்காது, ஊறாது, கரையான் தொடாது. இரண்டு துண்டு வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர், நான்கு வைத்தால் மூன்று. அதைவிடச் சன்னமாக வேண்டுமென்றால் பால் கவரை மடித்து நடுவில் வைக்கலாம். சிப்பையும் காந்தப் பட்டையையும் குறுக்கே வெட்டிவிட்டுத்தான் வைக்கிறேன், பழக்கம். லேசான சாமானுக்கு இது வழுக்கிக்கொண்டு வெளியே வரும், அங்கே இருபுறமும் ஒட்டும் டேப் வேண்டும். கனமான சாமானுக்கு எதுவும் வேண்டாம், எடையே பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கனமான சாமான் எங்கள் பீரோ. ஆறரை அடி. பட்டுப்புடவை, பத்திரம், வெள்ளி, யாரும் எடுக்காத எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம் உள்ளே. இடது முன்கால் மட்டும் தரையில் முழுசாகப் படியவில்லை. அதனால் பீரோவின் உடம்பே லேசாகக் கோணி, கதவு கீழே உரசியது. கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் போகிற கம்பி துளையைத் தேடி முட்டிக்கொண்டு நின்றது. அம்மா முழங்காலால் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருகுவாள். பூட்டுக் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஒருவர் வந்து விலை சொல்லிவிட்டுப் போனார். மாற்றாமல் விட்டது நல்லதாயிற்று.

எங்கள் தெரு ஆசாரிதான் வழி சொன்னார். கனத்தையெல்லாம் இறக்கிவிட்டு, கடப்பாரை நுனிக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து, அவர் மெல்ல நெம்பினார். ஒரு விரல் அளவுக்குக்கூடத் தூக்கவில்லை. நான் அட்டைத் துண்டைக் கையால் தள்ளப் போனேன், அதட்டினார். “விரலை உள்ளே விடாதீங்க தம்பி. ஸ்கேலால தள்ளுங்க.” மூன்று துண்டு வைத்தபோது கம்பி இன்னும் உரசியது. நான்காவது துண்டு போனதும் கதவு தானாக நேரானது. கைப்பிடி ஒரு விரலுக்குத் திரும்பியது. அம்மா நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்தாள். அது 2020 தொடக்கத்தில். அந்த நான்கு துண்டுகளும் இன்றுவரை மாறவில்லை.

பீரோ, உயரமான அலமாரி இரண்டுக்கும் அண்டை கொடுத்ததோடு நிற்காமல், மேலே எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் பூச்சோடு நிற்கும் திருகு கையோடு வந்துவிடும்; செங்கல்லுக்குள் இறங்கும் நீளம் வேண்டும். முன்பக்கம் சாய்வதைவிடச் சுவர்ப்பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருப்பதே நல்லது. இழுப்பறையைப் படியாக்கி ஏறும் பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்றால் இதில் தள்ளிப்போட ஒன்றுமில்லை.

சாப்பாட்டு மேசைக் கதைக்கு வருகிறேன். நீளமான காலை அறுத்துவிடலாமா என்று ஆசாரியிடம் கேட்டேன். “இன்னைக்கு இந்தத் தரைக்கு அறுப்பேன். நாளைக்குத் தரை இறங்கினா அடுத்த காலை அறுக்கச் சொல்வீங்க. கடைசியில உங்களுக்கு மணைப்பலகைதான் மிஞ்சும்” என்றார். சிரித்தாலும் அவர் சொன்னது எங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தும். கோடையில் மரம் சுருங்குகிறது, கார்த்திகையில் ஊதுகிறது, ஒட்டுப்போட்ட மூலை இன்னும் முழுசாக அடங்கவில்லை. நிலையாக ஒரு உயரத்தில் எதை வைத்தாலும் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடுகிறது.

இதற்கு நடுவில் எம்-சீலும் முயன்றேன். தூக்கும் காலின் அடியில் பிசைந்து அப்பி, தரையில் பால் கவரை விரித்து, மேசையை மட்டம் பார்த்து இறக்கி ஒரு ராத்திரி விட்டால், தரையின் மேடு பள்ளத்தை அப்படியே அச்செடுத்துக்கொண்டு கெட்டியாகிவிடும். அருமையான பிடிப்பு. ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்க மேசையை நகர்த்தி, திரும்ப வைத்தபோது கால் அந்த இடத்தில் ஒரு விரல் தள்ளி விழுந்தது. அச்சு பொருந்தவில்லை, முன்பைவிட மோசமாக ஆடியது. நகராத சாமானுக்கு மட்டும்தான் இது.

கடைசியில் மேசைக்கு வைத்தது, திருகி ஏற்றி இறக்கும் கால். நான்கு காலின் அடியிலும் துளை போட்டு, பல் வைத்த நட்டை அடித்து இறக்கி, நைலான் பாதம் கொண்ட எட்டு மில்லிமீட்டர் போல்ட்டைத் திருகினார் ஆசாரி. அந்த அளவு போல்ட்டுக்கு ஒரு முழுச்சுற்று 1.25 மில்லிமீட்டர், கால்வாசிச் சுற்று திருகினால் மூன்று காகிதக் கனம். சாமானும் கூலியும் சேர்த்து, அதுவரை நான் டேப்புக்கும் பசைக்கும் செலவழித்ததைவிடக் குறைவு. ஐந்து வருடத்தில் வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், குனிந்து அரைச்சுற்று திருகுகிறேன். அவ்வளவுதான் பராமரிப்பு. கால் இரண்டு அங்குலச் சதுரமாவது இருக்க வேண்டும். ஒல்லிக் காலில் துளை போட்டால் பிளந்துவிடும்.

வாஷிங் மெஷினுக்கு இந்தத் திருகுகால் தொழிற்சாலையிலேயே வந்துவிடுகிறது. பலர் காலைத் திருகுவதோடு விட்டுவிடுகிறார்கள். அதன் மேலே உள்ள பூட்டு நட்டை மெஷினின் அடிப்பாகத்தோடு இறுக்காவிட்டால், பிழியும்போது ஏற்படும் அதிர்விலேயே கால் தளர்ந்துவிடும். எங்கள் மெஷின் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் டைல்ஸில் நடந்து கதவு வரைக்கும் வந்து நின்றது. அதற்கென விற்கும் ரப்பர் கிண்ணங்களையும் வாங்கினேன். வழவழப்பான டைல்ஸில் கிண்ணத்தோடு சேர்ந்து நடந்தது. நட்டை இறுக்கிய பிறகு அசையவில்லை.

செலவும் சக்கையும் இல்லாத ஒரு வித்தையும் உண்டு. கால்கள் சம உயரமாக உள்ள சதுர மேசையை இருந்த இடத்திலேயே மெல்லச் சுற்றினால், கால்வாசி வட்டத்துக்குள் எங்காவது ஒரு நிலையில் நான்கு காலும் படியும். கணித அறிஞர்கள் இதை நிரூபித்திருக்கிறார்கள். முக்கியமான நிபந்தனை, தரை வளைந்து நெளிந்து போகலாம், படிபோல் திடீரென்று உயரக் கூடாது. சிவப்புத் தரையில் கேரம்போர்டு ஸ்டூலுக்கு இது எனக்கு ஒவ்வொரு முறையும் பலித்திருக்கிறது. டைல்ஸ் அறையில் பலிக்கவில்லை. அங்கே ஓட்டுக்கு ஓடு விளிம்பு எழும்பி நிற்கிறது. படிந்தாலும் மட்டமாக இருக்கும் என்று சொல்ல முடியாது, காய் ஒரு பக்கம் ஓடும்.

திண்ணையில் கிடக்கும் பெஞ்சு மட்டும் இன்னும் ஆடுகிறது. போன மாதம் இரண்டு அட்டைத் துண்டோடு போனேன். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். யாராவது வந்து உட்கார்ந்தால் அந்த ‘டொக்’ சமையலறை வரைக்கும் கேட்கிறதாம்.