சேஃப்டி கல்லூரி: சொந்த மாநிலமா, விதிப்படி இடம் தரும் இடமா, கம்யூனிட்டி கல்லூரியா?

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளம் ஆகஸ்ட் 1 அன்று திறந்ததும், அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் நம் வீடுகளில் கல்லூரிப் பட்டியல் போடும் வேலை சூடு பிடித்துவிடும். ஸ்டான்ஃபோர்டா, எம்ஐடியா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். கடைசியில் "சரி, சேஃப்டிக்கு ரெண்டு போட்டு வைப்போம்" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஸ்டான்ஃபோர்ட் விண்ணப்பிக்கும் நூறு பேரில் நான்கு பேரைக்கூட எடுப்பதில்லை. பிள்ளை போய்ச் சேர உண்மையிலேயே அதிக வாய்ப்புள்ள இடம் அந்தக் கடைசி இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. அதிக நேரம் கொடுக்க வேண்டியதும் அங்கேதான்.

சேஃப்டி என்றால் மற்ற இடங்கள் கைவிட்டாலும் நிச்சயம் கிடைக்கும் கல்லூரி. ஒரு கல்லூரியை அப்படிச் சொல்ல, விரும்பும் துறையிலேயே இடம் உறுதியாக இருக்க வேண்டும். கட்டணம் நம் கைக்கு அடங்க வேண்டும். பிள்ளையும் மனம் கோணாமல் போகத் தயாராக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயரைப் பட்டியலில் வைத்துப் பயனில்லை.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது சொந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம். மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம் (இன்-ஸ்டேட்), வீட்டுக்குப் பக்கம், நல்ல பெயர். ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேட்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். அங்கேதான் கணக்கு தப்புகிறது. டெக்சஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1997ல் வந்த சட்டப்படி, மாநிலப் பள்ளிகளில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு (யுடி ஆஸ்டின்) மட்டும் விலக்கு உண்டு. 2026 சேர்க்கையிலிருந்து அங்கே முதல் 5 சதவீதம்தான். 800 பேர் படிக்கும் வகுப்பில் அது 40 பேர். அந்த நாற்பதுக்குள் வந்தாலும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமே தவிர, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. இலினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகமும் அப்படித்தான். மொத்தச் சேர்க்கை விகிதத்தைப் பார்த்தால் எளிது போலத் தெரியும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மட்டும் தனியாகப் பார்த்தால் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. வேறு துறையில் சேர்ந்துவிட்டு உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்பதும் அங்கே கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே ஒரு சதவீதத்தை எழுதுவதை விட்டுவிட்டு, துறையின் பெயருக்கு எதிரே எழுதிப் பாருங்கள். பட்டியலே வேறு மாதிரி தெரியும்.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு என் யோசனை: ஆஸ்டினுக்கும் விண்ணப்பியுங்கள், சேஃப்டி என்று யுடி டாலஸை எழுதுங்கள். டாலஸை ஒட்டிய பிளானோ, ஃபிரிஸ்கோ பக்கத்து வீடுகளில் "அது பக்கத்துல இருக்கறதுதானே" என்று அதை லேசாகப் பேசுவார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மதிப்பு குறைந்துவிடாது.

இரண்டாவது வகை, சேர்க்கை விதியை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் கல்லூரிகள். அரிசோனா ஸ்டேட் இதற்கு நல்ல உதாரணம். குறிப்பிட்ட பாடங்களைப் படித்திருக்க வேண்டும். அதோடு ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் 3.00, வகுப்பில் முதல் கால்வாசி, வெளிமாநிலத்தவர் என்றால் எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1180, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பல்கலைக்கழகச் சேர்க்கை உறுதி. பொறியியல் போன்ற துறைகளுக்குத் தனி வரம்பு உண்டு, அதையும் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஊகத்துக்கு இடமில்லை என்பதால் எனக்கு இந்த வகைதான் மிகவும் பிடிக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு பாரெட் ஆனர்ஸ் கல்லூரியும் அங்கே இருக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குறை என்றால் பணம்தான். வெளிமாநிலக் கட்டணம் ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும். மெரிட் ஸ்காலர்ஷிப் எவ்வளவு கழியும் என்று அவர்களுடைய தளத்திலேயே மதிப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது, நம்மவர்கள் வாயெடுத்துச் சொல்லவே கூச்சப்படும் கம்யூனிட்டி கல்லூரி. முதல் இரண்டு ஆண்டு அங்கே படித்துவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழி இது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கணக்கான வழி இல்லை என்பேன். மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு ஆண்டுக்கு அறுபது யூனிட் என்று வைத்தால் 2,760 டாலர். அப்புறம் 'டேக்' என்ற இடமாற்ற உறுதி ஒப்பந்தம் இருக்கிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு கலிஃபோர்னியா பல்கலைக்கழக (யுசி) வளாகங்களில் ஒன்றுக்கு, சொன்ன பாடங்களைச் சொன்ன ஜிபிஏவோடு முடித்தால் இடம் உறுதி. பெர்க்லியும் யுசிஎல்ஏவும் சான் டியேகோவும் இதில் இல்லை, ஆனால் அவையும் கம்யூனிட்டி கல்லூரிப் பிள்ளைகளை நிறையவே எடுக்கின்றன. இங்கேயும் துறையைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. சாண்டா பார்பராவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் கல்லூரிக்குள் இருக்கிறது, அந்தக் கல்லூரி டேக்கில் வராது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற ஒரே காரணத்துக்காக இந்த வழியைத் தள்ளுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பட்டத்தில் இருக்கப்போவது யுசியின் பெயர்தான்.

நான்காவதாகச் சிலர், பெரிய பெயர்களுக்கு ஒரு படி கீழே உள்ள தனியார் கல்லூரிகளை சேஃப்டி என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பல கல்லூரிகள் தங்கள் சேர்க்கை விவரங்களைத் தொகுத்து வெளியிடும் காமன் டேட்டா செட்டில் சி7 என்ற அட்டவணையைத் திறந்து பாருங்கள். 'விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே 'முக்கியம்' என்று குறித்திருந்தால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் ஒப்புக்கு அனுப்பிய விண்ணப்பம் அங்கே திரும்பி வரலாம்.

பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. ஃபெடரல் கல்வி உதவி அவர்களுக்குக் கிடையாது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். 18ல் கல்லூரி சேர்ந்தால் பட்டத்துக்கு நடுவிலேயே அந்த வயது வந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறியபின் இன்-ஸ்டேட் கட்டணம் தொடருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. யார் மாநிலவாசி என்று முடிவுசெய்யும் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அந்தப் பதில் சாதகமாக இல்லாவிட்டால், மலிவு என்று நினைத்த சொந்த மாநிலம் கடைசி ஆண்டில் வெளிமாநில விலைக்கு வந்து நிற்கும்.

எதைத் தேர்ந்தாலும் அந்த விண்ணப்பத்தை முதலில் அனுப்புங்கள். விண்ணப்பம் வர வரப் பார்த்து முடிவு சொல்லும் ரோலிங் முறையில் எடுக்கும் இடங்கள் சில வாரங்களிலேயே பதில் சொல்லிவிடும். டிசம்பருக்குள் பிடித்த துறையில் ஒரு இடம் கையில் இருந்தால், ஜனவரி முதல் வாரம் கெடு வைத்திருக்கும் கல்லூரிகளில் அதைவிடப் பிடிக்காதவற்றை அப்படியே அடித்துவிடலாம். விண்ணப்பக் கட்டணமும் மிச்சம், விடுமுறை முழுக்கக் கட்டுரை எழுதும் பாடும் மிச்சம்.