பர்ஸ்ட் காப்பியா, பழைய ஹெச்எம்டியா, புது டைட்டன்–கேசியோவா? கடலூர், பாண்டி பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு அலசல்

நம்ம பக்கம் வாட்ச் வாங்க நினைக்கிற பசங்க இப்ப முதல்ல கேக்கறதே "ப்ரோ, நல்ல பர்ஸ்ட் காப்பியா எடுத்தா எத்தனை வருஷம் வரும்"னுதான். பர்ஸ்ட் காப்பின்னா பெரிய பிராண்டு பேரையே போட்டு, அசல் மாதிரியே செஞ்ச போலி. இன்ஸ்டாவுல போட்டோ பாத்தா அப்படியே ரோலக்ஸ், விலை மூவாயிரம் நாலாயிரம், கேஷ் ஆன் டெலிவரி வேற. அதே காசுக்கு புது டைட்டன் கிடைக்கும், கேசியோ கிடைக்கும், சர்வீஸ் பண்ணின பழைய ஹெச்எம்டியும் கிடைக்கும். வாங்கற அன்னைக்கு பாத்தா காப்பிதான் ஜெயிக்கும், அதுல சந்தேகமே இல்ல. முதல் தடவை பின்மூடியத் திறக்க வேண்டி வருது பாருங்க, அன்னைக்குதான் எது என்னன்னு தெரியும். அதனால நான் அழக வச்சு ஒப்பிடப் போறதில்ல, ரிப்பேர் கடைக்குப் போனா என்ன ஆகும்னு வச்சுதான் பாக்கப் போறேன்.

காப்பியில பெரிய தொல்லை தண்ணி. ரோலக்ஸோட டைவர் வாட்ச் சப்மரைனர், அதோட அசல் டயல்ல 1000 அடி, 300 மீட்டர்னு இருக்கும், அது அழுத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிப் போட்டது. காப்பி டயல்லயும் அதே எழுத்து அதே இடத்துல இருக்கும், ஆனா அது வெறும் பெயிண்டு. எங்க சித்தப்பா பையன் அதை நம்பி சில்வர் பீச்சுல அலையில நின்னு குளிச்சான். வீட்டுக்கு வந்து பாத்தா கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி புடிச்சிருக்கு, அரிசி டப்பாவுல போட்டு வச்சான், ஆவி போச்சு, உப்பு போகல. கொஞ்ச நாள்ல தேதி வளையத்துல பழுப்புப் புள்ளி வந்துச்சு, அப்புறம் டைம் திருப்பற சாவிய இழுத்தா வெளியவே வரல. மஞ்சக்குப்பத்துல ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனோம். அவர் லூப்புங்கற குட்டி பூதக்கண்ணாடியக் கண்ல மாட்டிப் பின்மூடியக் கழட்டிப் பாத்தாரு. "தம்பி, ரப்பர் வாஷர் உக்கார பள்ளம் இருக்கு, வாஷர் இல்ல பாருங்க. சாவியோட தண்டு துரு ஏறி மிஷினோட ஒட்டிக்கிச்சு"ன்னாரு. வேற தண்டு போட்டுக் குடுங்கண்ணேன்னான் இவன். "எந்த கம்பெனி மிஷினுன்னே இதுல போடல, எந்த தண்டுன்னு நான் தேடுவேன்? மிஷினையே மாத்தலாம், அந்தக் காசுல நீங்க புது வாட்சே வாங்கிடலாம்." சுண்டைக்கா கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

அசல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போலாமேன்னு கேக்காதீங்க, போலின்னு தெரிஞ்சா அவங்க வேலைக்கே எடுக்க மாட்டாங்க.

அடுத்தது மிஷின். ரோலக்ஸ் மிஷின் மணிக்கு 28,800 தடவை அடிக்கும், அதாவது நொடிக்கு எட்டு, அதனாலதான் அந்த நொடிமுள்ளு வழுக்கிட்டு ஓடற மாதிரி தெரியுது. கை அசைவுலயே சாவி ஏறற மலிவு ஆட்டோமேட்டிக் காப்பியில பெரும்பாலும் 21,600, நொடிக்கு ஆறு. இன்னும் மலிவுன்னா பேட்டரி செல்லு போட்ட மிஷின், டக் டக்குன்னு நொடிக்கு ஒண்ணு. இதுல கூட எனக்கு வருத்தம் இல்ல, செல்லு மிஷின் டைமாவது ஒழுங்கா காட்டும். ரோலக்ஸோட ஸ்டாப்வாட்ச் மாடல் டேடோனா, அதோட காப்பின்னு விக்கறாங்களே, அதுலதான் எனக்குக் கோவம் வரும். அசல்ல அந்த மூணு குட்டி டயல்ல ரெண்டு ஸ்டாப்வாட்ச்சோட வேலை, ஒண்ணு சாதாரண நொடி காட்டும். மலிவு காப்பியில ஒண்ணு கிழமை காட்டும், ஒண்ணு 24 மணி காட்டும், பக்கத்துல இருக்கற பட்டன அமுக்கினா ஸ்டாப்வாட்ச் ஓடாது, கிழமைதான் தள்ளும். சிலதுல பட்டன் ஒட்டி வச்சதோட சரி. எழுதியிருக்கற வேலைய செய்யாத பொருள நாலாயிரம் குடுத்து வாங்கி கையில கட்டணுமா?

செயினும் சொல்லணும். லிங்க் பின்னு லூசாகி பஸ்ஸுல கம்பிய புடிக்கும்போது நழுவி விழுந்த கதை நிறைய கேட்டிருக்கேன். கோல்டு கலர்னா நம்ம ஊரு வேர்வைக்கும் உப்புக் காத்துக்கும் பூச்சு சீக்கிரமே தேயும், முதல்ல மணிக்கட்டு எலும்பு படற எடத்துல வெளுக்கும், கீழ இருக்கற மட்ட உலோகம் தோல்ல பட்டா நிக்கல் ஒத்துக்காதவங்களுக்கு அரிப்பு எடுத்து செவந்துரும். அசல் ரோலக்ஸ் 904எல் ஸ்டீல்ல செய்யறாங்க, கடல் உப்ப தாங்கறதுக்குப் பேர் போன ஸ்டீல் அது. காப்பி விக்கறவங்களும் போஸ்ட்ல 904எல்னு எழுதறாங்க, யாரு ஆசிட் ஊத்திப் பாக்கப் போறா.

கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டற வழக்கம் நம்ம பக்கம் இருக்கு. அதுக்கு மட்டும் தயவுசெஞ்சு காப்பி வாங்காதீங்க. மாப்பிள்ளை செல்லு மாத்த கடைக்குப் போவாரு, கடைக்காரர் மூடியத் திறந்த உடனே விஷயம் வெளிய வந்துரும், அப்புறம் பொண்ணு வீட்டுக்குதான் தலைகுனிவு. விக்கறதும் சாதாரணக் குத்தம் இல்ல, 1999 டிரேட் மார்க்ஸ் சட்டப்படி போலி டிரேட்மார்க் போட்ட பொருள வித்தா ஆறு மாசத்துலருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஐம்பதாயிரத்துலருந்து ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம். அதனாலதான் பில்லு கிடையாது, வாரண்டி கிடையாது, ரிப்பேர்னு மெசேஜ் போட்டா பிளாக் பண்ணிட்டுப் போயிடறாங்க.

சரி, பழைய ஹெச்எம்டி. சிட்டிசன் கம்பெனியோட சேந்து 1961ல பெங்களூர்ல ஆரம்பிச்சது, வாட்ச் பிரிவ மூட 2016ல முடிவாச்சு. ஜனதா மாடல்ல 17 ஜூவல் (மிஷின் தேயாம இருக்க உள்ள வைக்கற குட்டிக் கல்லு), தினம் காலையில சாவி குடுக்கணும். நம்ம தாத்தா, அப்பா கையில எல்லாம் இருந்த வாட்ச். ரிப்பேர் கடையில இத நீட்டிப் பாருங்க, அந்த அண்ணன் மூஞ்சியே மாறும். பழைய செத்த ஹெச்எம்டிய டப்பாவுல போட்டு வச்சிருப்பாரு, ஒண்ணுலருந்து கழட்டி இன்னொண்ணுல போட்டுருவாரு. கஷ்டம் என்னன்னா இதுலயும் ஏமாத்து உண்டு. ஆன்லைன்ல பளபளன்னு ஆரஞ்சு, நீலம்னு வர்ற ஹெச்எம்டி டயல் நிறைய மறுபெயிண்ட் அடிச்சது, உள்ள மிஷின் நாலு வாட்சுலருந்து பொறுக்கிச் சேத்ததா இருக்கும். டயல் கொஞ்சம் மங்கி, எழுத்து மட்டும் கூர்மையா இருக்கறது பரவால்ல, புதுசு மாதிரி மின்னறதுதான் சந்தேகம். பாண்டி சண்டே மார்க்கெட் மாதிரி எடத்துல பழசு எதாவது கண்ல பட்டாலும், தெரிஞ்ச ரிப்பேர்காரர் ஒருத்தர்கிட்ட திறந்து காட்டிட்டுதான் முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, தண்ணி ஆகவே ஆகாது, மழையில கூட கழட்டி பாக்கெட்ல போடணும்.

டைட்டன், கேசியோ பத்தி நீட்டி சொல்ல ஒண்ணும் இல்ல, அதுதான் அதோட பலம். டைட்டன் 1984ல டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசு நிறுவனம் டிட்கோவும் சேந்து ஆரம்பிச்சது, ஃபேக்டரி ஓசூர்ல. செல்லு போச்சா, ஷோரூம்ல குடுங்க, வாஷரோட சேத்து மாத்தித் தருவாங்க. கேசியோ எஃப்–91டபிள்யூ 1989ல வந்தது, இன்னும் அதே வடிவம், ஒரு செல்லு ஏழு வருஷம்னு கம்பெனியே சொல்லுது, எடை தெரியாது. பிளாஸ்டிக்தானேன்னு மூஞ்சி சுளிக்காதீங்க, உப்புக் காத்துல துரு புடிக்க வெளிய இரும்பு அதிகம் இல்லாதது நமக்கு நல்லதுதான். ஆனா டைட்டன்ல 30 மீட்டர்னு போட்டிருந்தா கை கழுவலாம்னு அர்த்தம், கடல்ல குதிக்கலாம்னு இல்ல. கடல்ல இறங்கணும்னா 200 மீட்டர் போட்ட கேசியோ டியூரோ மாதிரி ஒண்ணு பாருங்க, பாக்கறதுக்கும் டைவர் வாட்ச் மாதிரியே கெத்தா இருக்கும்.

ரோலக்ஸ் வடிவம்தான் வேணும்னு மனசு அடம் புடிச்சா, சொந்தப் பேர் போட்டு அந்த டிசைன்ல செய்யற ஹோமேஜ் வாட்ச் இருக்கு. டிசைன் கடன் வாங்கினதுதான், ஆனா அடுத்தவன் பேர ஒட்டல. நிறைய மாடல்ல ஜப்பான் கம்பெனி சீக்கோவோட என்ஹெச்35ங்கற மிஷின் போடறாங்க, அது ரிப்பேர்காரங்களுக்குத் தெரிஞ்ச மிஷின், முழுசாவே வாங்கி மாத்திடலாம். பட்ஜெட் இன்னும் ஏறினா நேரா சீக்கோவோட சொந்த வாட்ச் சீக்கோ 5க்கே போங்க.

என் கணக்குல தினம் கட்ட, மழை வெயில் பாக்காம போக கேசியோ. ஆபீஸ், கல்யாணம், பரிசுன்னா டைட்டன். மிஷின் ஓடற சத்தத்த காதுல வச்சுக் கேக்கற ஆசை இருக்கறவங்களுக்கு ஹெச்எம்டி. காப்பிக்கு நான் எங்கயும் எடம் குடுக்கல.

ஏற்கனவே காப்பி வாங்கி வச்சிருக்கறவங்க அத தண்ணி பக்கம் கொண்டு போகாதீங்க, செயின கழட்டிட்டு நல்ல லெதர் பட்டையோ ரப்பர் பட்டையோ போடுங்க, செல்லு தீந்துச்சுன்னா அப்படியே டிராயர்ல போட்டு வைக்காம உடனே எடுத்துருங்க, பழைய செல்லு கசிஞ்சா மிஷின அரிச்சுரும்.