வல்லேஹோ மாடல் கலர்: ஜெர்மன் டாங்கிப் படைக்கு எத்தனை குப்பி தேவை?

ஸ்பெயினின் வல்லேஹோ நிறுவனம் விற்கும் மாடல் கலர் என்ற பொம்மை வண்ண வரிசையில் நிறங்களுக்குக் குறைவில்லை. ஆனால் 1/100 அளவுப் பொம்மைகளில், 1943-45 காலத்து ஜெர்மன் டாங்கிக் கம்பெனி ஒன்றைத் தீட்ட ஐந்து குப்பிகளே போதும்: மிடில்ஸ்டோன் 70.882, ஈராக்கி சேண்ட் 70.819, ரிஃப்ளெக்டிவ் கிரீன் 70.890, ஜெர்மன் கேமோ மீடியம் பிரவுன் 70.826, பிளாக் கிரே 70.862. பத்து டாங்கிகளைப் பிரஷ்ஷால் தீட்டிய பிறகும் எல்லாக் குப்பியிலும் மிச்சம் இருக்கும். பெயர்கள் அவ்வப்போது மாறுவதால் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

வாங்குமுன் எந்த ஆண்டுப் படை என்று முடிவு செய்துவிட வேண்டும். 1943 பிப்ரவரியில்தான் அடர்மஞ்சள் (ஜெர்மன் நிறத் தர எண் ஆர்.ஏ.எல். 7028) அடிப்படை நிறமாக ஆணையிடப்பட்டது, அதுவரை ஐரோப்பியக் களத்தில் கருஞ்சாம்பல். ஸ்டாலின்கிராட் படைக்கு மேலே சொன்ன மிடில்ஸ்டோன் மஞ்சள் வேண்டாம், ஜெர்மன் கிரே 70.995 வேண்டும். அதையும் அப்படியே பூசினால் வாஷுக்குப் (இடுக்குகளில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த கருவண்ணம்) பிறகு கறுப்பாகவே தெரியும். நியூட்ரல் கிரே 70.992-ஐ மூன்றுக்கு ஒன்று கலந்துகொள்ளுங்கள். வட ஆப்பிரிக்கா தனிக் கணக்கு, அதை இங்கே தொடவில்லை.

மிடில்ஸ்டோன் இந்த வரிசையின் பலம். சாம்பல் பிரைமர் (வண்ணம் பிடிக்க முன்கூட்டிப் பூசுவது) மேல் இரண்டு மெல்லிய பூச்சில் நன்றாக மூடும். லேசான பச்சைச் சாயல் உண்டு; சிலருக்கு அது உறுத்தும். இரண்டு சொட்டு வண்ணத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் சரியான பதம். முதல் பூச்சு முழுக்கக் காயாமல் இரண்டாவதை இழுத்தால் அடியில் இருப்பது பிரஷ்ஷோடு உரிந்து வரும். அடுத்து, மூன்று பங்கு மிடில்ஸ்டோனில் ஒரு பங்கு ஈராக்கி சேண்ட் கலந்து கோபுரத்தின் மேற்தட்டு, இன்ஜின் மூடி, ஃபெண்டர் ஆகியவற்றில் மட்டும் பூசுங்கள். பொம்மை சின்னதாக ஆக ஆக நிறம் வெளிற வேண்டும். அசல் நிற அட்டையோடு அப்படியே பொருத்திய டாங்கி மேசையில் இரண்டடி தள்ளிப் பார்த்தால் இருண்டு கிடக்கும்.

உருமறைப்புக் கோலத்துக்கான பச்சையும் பழுப்பும் அசலில் பசையாக டாங்கிக் குழுவினரிடமே கொடுக்கப்பட்டன. அவர்கள் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்துப் பூசிக்கொண்டார்கள். ஆகவே பத்து டாங்கிக்கும் ஒரே கோலம் போட மெனக்கெட வேண்டாம், போட்டால்தான் பொய்யாகத் தெரியும். மஞ்சள் பாதிக்குக் குறையாமல் விடுங்கள். வாஷ் எல்லாவற்றையும் ஒரு படி இருட்டாக்கும். பச்சையை அள்ளிப் போட்டவர்களின் படை கடைசியில் சேற்று நிறத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம். புள்ளி வைத்த பதுங்கல் கோலம் வேண்டுமென்றால் படை 1944 ஆகஸ்டுக்குப் பிந்தியதாக இருக்கட்டும்.

இனிக் குறைகள். குப்பியில் நிறமி அடியில் தங்கிவிடும். சரியாகக் குலுக்காவிட்டால் முதலில் வருவது பளபளக்கும் வெறும் திரவம்தான், அந்த இடம் திட்டுத்திட்டாக மின்னும். துருப்பிடிக்காத இரும்புக் குண்டு ஒன்றை உள்ளே போட்டு ஒரு நிமிடம் குலுக்கினால் தீரும். சொட்டு மூக்கு அடைத்துக்கொண்டால் அழுத்தாதீர்கள், ஊசியால் குத்துங்கள். அழுத்தினால் மூக்கே கழன்று பாதிக் குப்பி மேசையில் கொட்டும். பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்கில் நகம் பட்டாலே பெயரும், தினமும் கையாளும் விளையாட்டுப் பொம்மைக்கு இது பெரிய குறைதான். பிரைமரை ஒரு நாள் முழுக்க இறுகவிடுங்கள்.

இன்னொரு பொறி: ஆல்கஹால். ஜப்பானிய டாமியா நிறுவனத்தின் வண்ணத்துக்குப் பழகிய கை ஐசோபுரொப்பைலை எடுக்கும். இதில் ஊற்றினால் தயிராகத் திரியும், ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) அடைத்துக்கொள்ளும். இந்த வண்ணத்துக்கு வல்லேஹோ தின்னர்தான். 0.3 மி.மீ. மூக்கில் சரிக்குச் சரி கரைத்து 15-20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைக்கலாம். ஆனாலும் நுனியில் காய்ந்துகொண்டே இருக்கும்.

ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் அடிப்பூச்சுக்கு டாமியாவின் எக்ஸ்.எஃப்-60 அடர்மஞ்சளை எடுப்பதே மேல்: மென்மையாகப் படியும், கெட்டியாகப் பிடிக்கும். அதையே பிரஷ்ஷால் பூசினால் இரண்டாவது இழுப்பில் முதல் பூச்சு கரைந்து வரும். அங்கே மாடல் கலர்தான் ஜெயிக்கிறது. டாமியா அடி, அதன் மேல் வல்லேஹோ கோலம் என்று இரண்டையும் சேர்ப்பதில் சிக்கல் எதுவும் இல்லை.

டிகாலுக்கு (எண், சின்னம் ஒட்டும் படலம்) முன் அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் தொட்டுவிடுங்கள், இல்லையேல் ஓரம் வெள்ளியாக மின்னும். வாஷையும் முழு டாங்கியில் ஊற்றாமல் தட்டுகளின் இடுக்கு, ரிவெட், இன்ஜின் கிரில் என்று பார்த்து வையுங்கள். சங்கிலிக்கு பிளாக் கிரே, அதன் மேல் மீடியம் பிரவுன் டிரைபிரஷ் (வண்ணத்தைத் துடைத்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் தொடுவது). கடைசியில் பத்து டாங்கிகளின் சக்கரப் பகுதியிலும் ஈராக்கி சேண்டையே தூசியாகத் தேய்த்து, மங்கல் வார்னிஷ் அடித்துவிடலாம். தனித்தூசி நிறம் என்று விற்கும் குப்பிக்குச் செலவழிக்கத் தேவையில்லை.