செக்கு எண்ணெய்க்கு எந்த பிளாஸ்டிக்? பெட் பாட்டில், எச்டிபிஇ கேன், பவுச்: ஓர் அலசல்

உள்ளூர்க்காரர்கள் தூக்குவாளியோடு வந்து எண்ணெய் வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு இந்த அலசல் தேவையில்லை. கூரியரில் அனுப்பும்போதுதான் பிளாஸ்டிக் வந்து சேர்கிறது. எங்கள் செக்குக்காகப் பெட் பாட்டில் (தண்ணீர் பாட்டில் செய்கிற PET பிளாஸ்டிக்), எச்டிபிஇ கேன் (கெட்டியான பாலித்தீன், HDPE), பவுச் மூன்றையும் வாங்கிப் பார்த்து, கடைசியில் பெட் பாட்டிலில் நின்றுவிட்டோம். விலையையும் ஒழுகாமையையும் எல்லாரும் பார்ப்பார்கள். காலியான பிறகு அது எங்கே போய்ச் சேரும் என்பதுதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது.

பாட்டிலின் அடியில் எண்ணோடு இருக்கும் முக்கோணத்தை நம்பி ஏமாற வேண்டாம். 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த குறி அது. 1 என்றால் பெட், 2 எச்டிபிஇ, 3 பிவிசி, 4 எல்டிபிஇ (மெல்லிய பாலித்தீன்), 5 பிபி (பாலிப்ரொப்பிலீன்), 6 பாலிஸ்டைரீன், 7 மற்றதெல்லாம். ரகம் இன்னது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. மறுசுழற்சிக்குப் போகுமா என்று சொல்வது காயலான் கடைத் தராசுதான். 1, 2, 5 மூன்றையும் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். 7-ஐக் கொண்டுபோனால் பெரும்பாலும் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.

பவுச் கதை சீக்கிரம் முடிந்துவிடும். பெட் படலம், அலுமினியம், பாலித்தீன் மூன்றையும் ஒட்டிச் செய்தது அது. வெளிச்சமும் காற்றும் புகாது என்பதால் எண்ணெய்க்கு அருமையான உறை. ஆனால் ஒட்டிய அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. போனால் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகும், இல்லையென்றால் குப்பைமேடு. பால் பாக்கெட்டையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பால் பாக்கெட் வெறும் பாலித்தீன். கழுவிக் காயவைத்தால் எடைக்குப் போகும்.

எச்டிபிஇ கேனை அப்படித் தள்ளிவிட முடியாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி மறுபடி நிரப்பலாம். பெட்டில் 70 டிகிரியைத் தாண்டினாலே பாட்டில் நெளிந்துவிடும். பழைய எச்டிபிஇ வாளியாகவும் குழாயாகவும் மாறும். அந்த வாளி உடைந்தால் அதையும் உருக்கலாம். பெட்டோ பெரும்பாலும் பாலியஸ்டர் இழையாகி டி-ஷர்ட்டுக்கும் தலையணைக்கும் போய்விடுகிறது, அதோடு அதன் பயணம் அநேகமாக முடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் கேன் ஒரு படி மேல்தான். ஆனால் எச்டிபிஇ காற்றைக் கூடுதலாக உள்ளே விடும், எண்ணெய் வாடையையும் பிடித்துக்கொள்ளும். எங்கள் கடலை எண்ணெய்க்குக் கேனில் சிக்கு வாடை முன்னதாகவே வந்தது. அது வெயில் காலம், குறை முழுக்கக் கேனுடையது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நல்லெண்ணெயைக் கேனில் வைத்துப் பார்த்ததே இல்லை.

சரி, பெட். நிறமில்லாத பெட் பாட்டிலுக்குக் காயலான் கடையில் எப்போதும் கிராக்கி உண்டு. பச்சை, பழுப்பு பாட்டில்களுக்கு அந்த மவுசு இல்லை. பழுப்பு பாட்டில் வெளிச்சத்தைத் தடுக்கும் என்பது உண்மை. நாங்கள் நிறமில்லாததையே எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புகிறோம்.

ஆனால் பெட்டைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, அதற்குப் போடும் சட்டையில்தான், அதாவது லேபிளில்தான், எல்லாம் இருக்கிறது. பாட்டிலை மறுசுழற்சி ஆலையில் துகளாக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். தண்ணீரின் அடர்த்தி 1, பெட்டின் அடர்த்தி 1.38, எனவே மூழ்கும். மூடி பிபியோ எச்டிபிஇயோ, இரண்டும் 1-க்குக் கீழே என்பதால் மிதக்கும், வழித்தெடுத்துவிடலாம். பாட்டிலை முழுக்கச் சுற்றி வழவழவென்று இறுக்கும் ஷ்ரிங்க் ஸ்லீவ் பல சமயம் பிவிசியில் வரும். அதுவும் மூழ்கி, பெட்டோடு கலந்துவிடும். பெட்டை உருக்க 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். உருகிய பெட் மஞ்சளாகும், கரும்புள்ளி விழும். சேர்ந்த பிவிசி கொஞ்சமாக இருந்தாலே சரக்கு தரம் கெட்டுவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பாட்டில், மூடி, ஸ்லீவ் மூன்றிலும் நகமளவு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி போகும்படி விரலால் அமுக்கிவிடுங்கள். மூடித் துண்டு மேலே எழும்பிவிடும். பாட்டில் துண்டு அடியில் கிடக்கும். ஸ்லீவும் அதன் பக்கத்தில் போய்ப் படுத்தால் அந்த ஸ்லீவ் வேண்டாம். மூழ்குவதெல்லாம் பிவிசி என்று இல்லை, பெட்-ஜி என்ற வகையும் மூழ்கும். ஆனால் அதுவும் ஆலையில் காயவைக்கும்போது இளகிக் கட்டிதட்டும், ஆகவே எதுவாயிருந்தாலும் முடிவு ஒன்றுதான்.

டிசைன் செய்து தந்த தம்பிக்கு ஸ்லீவ் இல்லாததில் வருத்தம், "பாட்டில் மொட்டையாத் தெரியுதுண்ணா" என்றார். முன்பக்கம் மட்டும் சின்ன பிபி லேபிள் ஒட்டுகிறோம். பசை வெந்நீரில் விடுகிற ரகம். காகித லேபிள் மலிவுதான், ஆனால் கழுவும்போது கூழாகித் துகளில் அப்பிக்கொள்ளும். லேபிள்காரரிடம் ஆர்டர் கொடுக்கும்போது "பிபி படலமா, எந்தப் பசை?" என்று இரண்டையும் கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரி வந்ததும் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.