பிளெண்டர்: நல்ல மென்பொருள், ஷார்ட்கட் மட்டும் கொஞ்சம் முரண்டு

ஆறு மாதமாக பிளெண்டர்தான். காசே வாங்காமல் இவ்வளவு தருகிற முப்பரிமாண மென்பொருள் வேறு எது? போன வாரம் திடீரென்று நகர்த்த, அளவு மாற்ற, சுழற்ற உள்ள ஜி, எஸ், ஆர் கீகளில் எதை அழுத்தினாலும் மாடல் அசையவில்லை, மவுஸைக்கூட மாற்றிப் பார்த்தேன், கடைசியில் கீபோர்டு ஆங்கிலத்துக்குப் பதில் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் நின்றிருந்தது. சரி, தப்பு என்னுடையதுதான்.

அப்புறம், இதில் ஷார்ட்கட் எல்லாம் மவுஸ் அம்பு எந்தப் பகுதியின் மேல் நிற்கிறதோ அங்கேதான் போகும். அம்பை டைம்லைனில் (அனிமேஷனின் நேரத்தைக் காட்டும் பட்டை) விட்டுவிட்டு மாடல் நகரவில்லையே என்று புலம்பிப் பயனில்லை. மவுஸின் நடு பட்டன் இல்லாத லேப்டாப்காரர்கள் பிரிஃபரன்சஸில் இன்புட் பக்கம் போய் 'எமுலேட் 3 பட்டன் மவுஸ்' போட்டுக்கொண்டால் ஆல்ட்டோடு இடது கிளிக் நடு பட்டனின் வேலையைச் செய்யும், கீபோர்டில் தனி எண் பகுதி (நம்பர்பேடு) இல்லாதவர்களுக்கும் அதே பக்கத்தில் இதே மாதிரி ஒரு வசதி உண்டு. இதையெல்லாம் முதல் நாளே கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கலாம். ஐந்துக்கு நாலு.