பொது கிளவுடில் எங்கள் பின்னலாடை நிறுவனம்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு எழுதும் அனுபவம்

திருப்பூரில் நடுத்தர அளவிலான ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. ஆர்டர், நூல் கொள்முதல், ஜாப் ஒர்க் கணக்கு, பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் என்று அத்தனையையும் தாங்கும் எங்கள் ஈஆர்பி (நிறுவன நிர்வாக) மென்பொருளைக் கொரோனாவுக்கு முன்பே பொது கிளவுடுக்கு, அதாவது பெரிய நிறுவனங்கள் இணையம் வழியாக வாடகைக்குத் தரும் சர்வர்களுக்கு, மாற்றிவிட்டோம். இன்றுவரை அங்கேதான் ஓடுகிறது. மற்ற நிறுவனத்தார் என்னிடம் முதலில் கேட்பது, "செலவு குறைந்ததா?" என்பதுதான். குறையவில்லை. ஆனாலும் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பும் எண்ணம் எங்கள் முதலாளிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு எங்கள் சர்வர் மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய அறையில் இருந்தது. அதற்கென்று ஒரு ஏசி, ஒரு யுபிஎஸ், பேட்டரி வாங்கிய தேதியை எழுதி ஒட்டிய ஒரு சீட்டு. மாலையில் வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்துக் கணக்காளர் வீட்டுக்குக் கொண்டுபோவார். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் எல்லோரும் அந்த அறையைத்தான் பார்ப்போம். நிறுவனத்தின் நினைவு முழுவதும் ஓர் அறையில் அடைந்திருந்தது. அந்த அறைக்கு ஏதாவது நேர்ந்தால் எந்த பையருக்கு (துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு) எத்தனை பீஸ் அனுப்ப வேண்டும் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

இணையம் வழியாகக் கணினித் திறனை மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் பெரிய அளவில் தொடங்கியது 2006-இல். அந்த ஆண்டு மார்ச்சில் அமேசான் தன் எஸ்3 சேமிப்புச் சேவையையும், ஆகஸ்டில் ஈசி2 சர்வர் சேவையையும் அறிமுகப்படுத்தியது. நம் பக்கம் வரச் சில ஆண்டுகள் ஆயின. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களில் அஸ்யூர் என்ற தன் கிளவுட் சேவைக்கான தரவு மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பைக்கும் 2022-இல் ஹைதராபாத்துக்கும் வந்தது. கூகுள் 2017-இல் மும்பையில் தொடங்கி 2021-இல் டெல்லியையும் சேர்த்தது. தரவு மையம் இந்தியாவுக்குள் வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு இது பொருட்படுத்தத்தக்கதாக ஆனது. சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பும் வேகத்தில் ஒரு பேக்கிங் லிஸ்ட் திறந்தால் டெஸ்பாட்ச் பிரிவில் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கிளவுடின் அருமையை நான் கண்ணால் பார்த்தது 2020 ஊரடங்கில். தொழிற்சாலை பூட்டப்பட்டுவிட்டது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆர்டரை நிறுத்து, தள்ளி வை, ரத்து செய் என்று மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. எந்த ஆர்டர் நிட்டிங்கில் நிற்கிறது, எது சாயப்பட்டறைக்குப் போயிருக்கிறது, எது தைத்து முடிந்து அட்டைப்பெட்டியில் இருக்கிறது என்பதை ஆர்டர் வாரியாகச் சொன்னால்தான் பையரிடம் பேரம் பேச முடியும். துணி வெட்டியாகிவிட்ட ஆர்டருக்குப் பணம் கேட்க முடியும். பையர்களிடம் பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர்கள் வீட்டிலிருந்தே பாதுகாப்பான இணைப்பு வழியாக ஈஆர்பியைத் திறந்து அந்த விவரங்களை எடுத்தார்கள். சர்வர் அந்தப் பூட்டிய கட்டடத்துக்குள் இருந்திருந்தால் அந்த வாரங்களில் எங்களுக்குப் பேச்சே இருந்திருக்காது. இந்த நன்மையை நான் விலை போட்டு அளக்க மாட்டேன்.

அன்றாடத்திலும் நன்மை உண்டு. ஈஆர்பியின் புதிய பதிப்பு வந்தால் ஓடும் சர்வரை அப்படியே நகலெடுத்து, நகலில் ஏற்றிப் பார்த்து, கணக்காளரும் டெஸ்பாட்ச் பிரிவும் சரி என்ற பிறகு நகலை அழித்துவிடுகிறோம். முன்பு இதற்காக ஒரு கணினி வாங்க வேண்டியிருக்கும், அதனால் சோதிக்காமலே ஏற்றுவார்கள். மார்ச் கணக்கு முடிப்பு வாரத்தில் சர்வரின் அளவைக் கூட்டி, ஏப்ரலில் குறைத்துவிடுகிறோம். ஒருமுறை அணைத்து எழுப்பினால் போதும்.

இனி பில். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் விற்கும்போது இதைச் சொல்வதில்லை. மாதத் தொடக்கத்தில் வரும் பில்லில் சர்வர் ஓடிய மணிநேரம் ஒரு வரி மட்டுமே. அதன் கீழே டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அந்த நேர நகல்), வெளியே போன டேட்டா, லாக் (நடந்தவற்றின் பதிவு) சேமிப்பு, பொது ஐபி முகவரி (இணையத்தில் சர்வரின் எண்) என்று வரிகள் இறங்கிக்கொண்டே போகும். ஐபி முகவரிக்குக்கூட மணிக்கட்டணம் உண்டு. அமேசான் 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. சர்வரை அணைத்தாலும் அதன் டிஸ்குக்கு வாடகை ஓடும். டேட்டாவை உள்ளே ஏற்றுவது பெரும்பாலும் இலவசம், வெளியே எடுப்பதற்குக் காசு. பையருக்கு அனுப்பும் சாம்பிள் படங்களும் ஆடையின் அளவு, துணி விவரங்கள் அடங்கிய டெக் பேக் கோப்புகளும் எத்தனை ஜிபி வெளியேறுகின்றன என்பதை எங்கள் அலுவலகத்தில் யாரும் அதற்கு முன் எண்ணிப் பார்த்ததே இல்லை.

நாங்கள் கண்டுபிடித்த ஒழுங்கு எளிமையானது. கிளவுடில் எதை உருவாக்கினாலும் அதில் மூன்று குறிப்புகள் ஒட்டியாக வேண்டும்: கேட்டவர் பெயர், காரணம், எப்போது அழிக்கலாம் என்ற தேதி. திங்கள்கிழமை காலையில் பட்டியலைத் திறந்து, குறிப்பு இல்லாததையும் தேதி கடந்ததையும் கேட்பேன். பதில் வராவிட்டால் நகல் எடுத்துவிட்டு நிறுத்திவிடுவேன். சோதனைச் சர்வர்கள் வேலை நேரத்தில் மட்டும் தானாக எழுந்து தானாக அணையும்படி வைத்திருக்கிறோம். மாதத்துக்குச் சுமார் 730 மணிநேரம்; நாளொன்றுக்கு 10 மணிநேரம் வீதம் 26 வேலை நாள் என்றால் 260 மணிநேரம்தான். மிச்சமாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. எப்போதும் ஓடும் ஈஆர்பி சர்வருக்கு மட்டும் ஓராண்டு ஒப்பந்தம் போட்டுத் தள்ளுபடி வாங்கியிருக்கிறோம். நாளை தேவையில்லாமல் போகக்கூடிய எதற்கும் ஒப்பந்தம் போடுவதில்லை.

ரூபாயையும் கவனிக்க வேண்டும். பெரிய கிளவுட் நிறுவனங்கள் பலவற்றின் விலைப்பட்டியல் டாலரில்தான் இருக்கிறது, பில் மட்டும் ரூபாயில் வரும். 2016 நடுவில் சுமார் 67 ரூபாயாக இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. டாலரில் வரவு உள்ள எங்களுக்கு இது ஓரளவு சரிக்கட்டிப் போகிறது. உள்நாட்டு வியாபாரம் மட்டும் செய்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று ஆண்டு பட்ஜெட் போடக் கூடாது. 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் முதலில் கையிலிருந்து போகும்.

எல்லோருக்கும் கிளவுடே சரி என்று நான் வாதாட வரவில்லை. 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் 2022-இல் மட்டும் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் செலவிட்டுவிட்டுச் சொந்த சர்வர்களுக்குத் திரும்பியது. ஆண்டு முழுவதும் ஒரே அளவு வேலையும், அதைக் கவனிக்கத் திறமையான ஆட்களும் இருந்தால் சொந்த இயந்திரம் மலிவுதான். எங்களிடம் அந்த ஆட்கள் இல்லை. நல்ல சர்வர் நிர்வாகி ஒருவரைத் திருப்பூரில் வேலைக்கு வைத்துத் தக்கவைப்பதன் செலவைச் சேர்த்துப் பார்த்தால் எங்கள் கணக்கு மாறிவிடுகிறது.

கிளவுட் நிற்காது என்று நம்புபவர்களிடம் நான் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்வேன். அமேசானின் ஈசி2 ஒப்பந்தம் ஒரு வட்டாரத்துக்கு (மும்பை போன்ற ஒரு பகுதியின் தரவு மையத் தொகுப்புக்கு) 99.99 சதவீத நேரம் இயங்கும் என்கிறது, அதாவது மாதத்தில் நாலு நிமிடத் தடை. தனி ஒரு சர்வருக்கோ 99.5 சதவீதம்தான், அது மூன்றரை மணிநேரத்துக்கு மேல் வரும். அதையும் மீறி நின்றால் கிடைப்பது பில்லில் ஒரு கழிவு. தவறிப்போன கப்பலுக்கு யாரும் ஈடு தர மாட்டார்கள். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் வட வர்ஜீனியா மையத்தில் ஒரு கட்டளையைத் தவறாகத் தட்டியதில் எஸ்3 சேவை சுமார் நான்கு மணிநேரம் தடுமாறியது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. அசலையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கிளவுட் சந்தாவே கூகுள் பக்கத்து அமைப்புப் பிழையால் அழிந்தது. 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் பல நாள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

அதனால் எங்கள் பேக்கப் மூன்று இடங்களில் இருக்கிறது: அதே மையத்தில் ஒன்று, வேறு நகரத்து மையத்தில் வேறு கணக்கின் கீழ் ஒன்று, அலுவலகத்துப் பெட்டியில் ஒன்று. காலாண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது நகலிலிருந்து வெறும் சர்வர் ஒன்றில் எல்லாவற்றையும் எழுப்புவோம். கணக்காளர் ஐயா வந்து உட்காருவார். போன மாதம் தூத்துக்குடிக்குப் போன ஒரு ஷிப்மென்ட்டின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் அதே பேக்கிங் லிஸ்டைத் திறந்து, பெட்டி எண்ணிக்கை, மொத்த எடை, இன்வாய்ஸ் தொகை மூன்றையும் விரலால் தொட்டு ஒப்பிடுவார். மூன்றும் பொருந்தினால் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். பேக்கப் வெற்றி என்று கணினி காட்டும் பச்சைக் குறியைவிட அந்தக் கையெழுத்தைத்தான் நான் நம்புகிறேன்.

சட்டமும் இப்போது இதைத்தான் கேட்கிறது. கணக்குப் புத்தகங்களை மின்வடிவில் வைக்கும் நிறுவனங்கள் அவற்றின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனி விதிகள் திருத்தப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில், இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, இணையத் தாக்குதலை ஆறு மணிநேரத்துக்குள் தெரிவிக்கவும் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. தணிக்கையாளர் கேட்கும்போது மும்பை, ஹைதராபாத் என்று காட்ட முடிகிறது.

பாதுகாப்பில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டடம், மின்சாரம், இயந்திரம் ஆகியவை கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு. கதவை யாருக்குத் திறக்கிறோம் என்பது நம் பொறுப்பு. 2019-இல் கேபிடல் ஒன் வங்கியிலிருந்து பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரங்கள் திருடு போனதற்கு வழிவிட்டது வங்கியின் பக்கத்தில் தவறாக அமைத்திருந்த ஒரு ஃபயர்வால் (வெளியாரைத் தடுக்கும் காப்பு). எங்கள் நிறுவனத்தில் வேலையை விட்டுப் போகிறவரின் கடைசி நாளன்றே அவர் கணக்கு மூடப்படுகிறது. நிர்வாகக் கணக்குக்குள் கைப்பேசிச் சரிபார்ப்பு இல்லாமல் முதலாளியேகூட நுழைய முடியாது.

எல்லாவற்றையும் நாங்கள் மேலே ஏற்றவும் இல்லை. ஆடையின் பேட்டர்ன் வரையும் கேட் (CAD) கணினியும் அதைத் தாளில் அச்சிடும் பிளாட்டரும், வாசலில் இருக்கும் கைரேகை வருகைப்பதிவும் இங்கேயே இயங்குகின்றன. சாலை தோண்டும்போது ஃபைபர் அறுந்தாலும் கட்டிங் மேசையும் தையல் வரிசையும் நிற்கக் கூடாது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இன்டர்நெட் இணைப்பு, அவையும் வெவ்வேறு தெரு வழியாக வருபவை, கிளவுடுக்குப் போவதற்கு முன்பே போட்டாக வேண்டிய செலவு.

புதிதாகத் தொடங்க நினைக்கும் நிறுவனம் முதலில் பேக்கப்பை மட்டும் கிளவுடுக்கு அனுப்பிப் பார்க்கலாம். மூன்று மாத பில்லை வரிவரியாகக் கணக்காளருடன் உட்கார்ந்து படியுங்கள். ஒருமுறையாவது முழு டேட்டாவையும் வெளியே எடுத்து வேறு கணினியில் எழுப்பிப் பாருங்கள். 2024-இல் மூன்று பெரிய நிறுவனங்களுமே முற்றாக வெளியேறுபவர்களுக்கு டேட்டா கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்திருந்தாலும், எடுக்கத் தெரிந்திருப்பது நம் வேலை. அதன் பிறகு ஈஆர்பியை மாற்றுவது பற்றிப் பேசலாம்.